நீட்டிய காலும் அவிழ்க்காத முடிச்சும்

என் பெயர், என் கணவர் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் எழுதியுள்ளபடி சரியே. வயது நாற்பத்து நான்கு. டயர் கடைக்கு மேலே உள்ள மாடி வீட்டில் கணவருடன் குடியிருக்கிறேன். தொழில் தையல். ஓடுதளத்தை ஒட்டிய தகர ஷெட்டில் சிறு விமானங்களின் இறக்கைக்குத் துணி போர்த்தித் தைப்பதும், இருக்கைகளுக்கு உறை தைப்பதும் என் வேலை. அங்கே என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, தையல்காரம்மா என்றால் கை காட்டுவார்கள். என் கணவர் இப்போது பேச முடியாத நிலையில் இருப்பதால் என்னை விசாரித்தார்கள். நான் சொல்லும் வார்த்தையை மென்மைப்படுத்தாமல் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். விபத்தை விசாரிக்கும் அதிகாரி சரி என்றார்.

மேற்படி ஷெட்டும் அதிலிருந்த சிவப்பு விமானமும் என் உடன்பிறந்த அண்ணனுடையவை. அவரை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். அவருக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் கிடையாது. கண் பரிசோதனையில் தேறவில்லை. தொப்பி மட்டும் வைத்திருக்கிறார். விமானத்தை ஓட்டுபவர் என் கணவர்.

அந்த விமானம் முன்னால் இரண்டு பெரிய சக்கரமும் வாலடியில் ஒரு குட்டிச் சக்கரமுமாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வகை. மிகக் குறைந்த தூரம் ஓடி யார் தரையை விட்டு எழும்புகிறார்கள் என்று இங்குள்ள விமான கிளப்பில் ஆண்டுதோறும் போட்டி வைப்பார்கள். சென்ற ஆண்டு பல் டாக்டர் ஒருவருடைய விமானம் எங்களுடையதைவிட ஓர் ஆள் நீளம் முன்னதாக எழும்பிவிட்டது. அதிலிருந்து அண்ணனுக்கு உண்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஆடக்கூட இல்லை, ஆடியவர் என் கணவர், கோணலை மட்டும் இவர் கண்டுபிடித்தார். விமானத்தின் முன்கால்கள் குட்டை என்றார். காலை நீட்டினால் மூக்கு இன்னும் மேலே பார்க்கும், இறக்கை சீக்கிரம் காற்றைப் பிடிக்கும், கொஞ்ச ஓட்டத்திலேயே எழும்பிவிடும் என்றார். அது பொய் இல்லை. என் கணவரும் ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு அண்ணன், வீடுகளுக்கு கேட் செய்யும் வெல்டரை அழைத்து வந்து, விமானத்தைச் சங்கிலி போட்டு ஷெட்டின் உத்தரத்தில் தொங்கவிட்டு, பழைய கால்களைக் கழற்றி நீளமான எஃகுக் கால்களை மாட்டச் செய்தார். சான்று தர வேண்டிய இன்ஜினியரிடம் முதலில் காட்டலாம் என்று என் கணவர் சொன்னதற்கு, போட்டி முடிந்ததும் காட்டிக்கொள்ளலாம் என்றார். சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று விமானம் தொங்கும்போதே நூல் பிடித்துப் பார்த்தார்கள். அதன் பிறகு தரையில் இறக்கி மறுபடியும் நூல் பிடித்தார்கள். அப்போதும் நேராகத்தான் இருந்தது. அண்ணன் ஒரு சக்கரத்தின் மேல் காலைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

என் கணவர் மட்டும் குனிந்து டயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மச்சான், டயர் சிமெண்டைக் கவ்விக்கிட்டு நிக்குது. கால் இன்னும் விரியவே இல்ல. கிரீஸ் தடவின தகட்டு மேல நிறுத்தினாத்தான் நிஜமா எப்படி நிக்கும்னு தெரியும்" என்றார். போட்டிக்கு வரும் விருந்தாளிகளுக்காக அண்ணன் ஷெட் தரைக்குச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்திருந்தார். கிரீஸ் பட்டால் தரை பாழாகிவிடும் என்று சொல்லி மறுத்தார். தரை பாழாகும் என்று சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு என் கணவர் விடாமல் சொன்னதால் விமானத்தை முற்றத்தில் கொஞ்சம் உருட்டினார்கள். உருட்டியதும் கால்கள் இரண்டும் வெளியே விரிந்துகொண்டன. சக்கரங்கள் இரண்டும் ஒன்றை ஒன்று எட்டிப் பார்ப்பதுபோல உள்ளே திரும்பிக்கொண்டன. டயர் கீச்சிட்டுத் தரையில் கறுப்பாகத் தேய்ந்தது. நான் தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து பார்த்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, "புதுச் செருப்பு கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும் மாப்பிள்ளை" என்றார். வெல்டரும் சிரித்தார். அண்ணன் கொட்டாவி விட்டாலும் சிரிக்கிற ஆள் அவர்.

அன்று மாலை வீட்டில் என் கணவர் என்னுடைய இரண்டு நூற்கண்டுகளை மேசைமேல் சக்கரம்போல வைத்துக் காட்டினார். விமானம் ஓடும்போது கொஞ்சம் இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலது சக்கரத்தின் மேல் விழும் என்றும், அந்தச் சக்கரம் ஏற்கெனவே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தால் விமானத்தை இன்னும் இடப்பக்கம் இழுத்துச் சுழற்றிவிடும் என்றும் சொன்னார். இதைச் சரிசெய்ய, ஓர் ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்த தகடு ஒன்றை ஒவ்வொரு காலுக்கும் அதன் சக்கர அச்சுக்கும் நடுவே வைக்க வேண்டும். அதற்கு ஆப்புத் தகடு என்று பெயர். விமானம் தொங்கும்போது பார்த்து வைத்த தகடு இனி உதவாது. ஆகவே என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, விரல் நுனி புண்ணாகும்வரை அரம் போட்டு, புதிதாக இரண்டு தகடுகளைத் தேய்த்தெடுத்தார்.

அவற்றை நான் இறக்கைத் துணியில் மிஞ்சிய துண்டில் பொதிந்து மெழுகு நூலால் கட்டிக் கொடுத்தேன். நான் போட்டது இறக்கைத் துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைக்கும்போது போடுகிற முடிச்சு. இழுத்தால் இறுகும், நழுவாது. ஊசி முனையை நுழைத்து நெம்பினால்தான் அவிழும். அந்த ஷெட்டில் அந்த முடிச்சைப் போடுகிறவள் நான் ஒருத்திதான். மறுநாள் என் முன்னிலையில் என் கணவர் அந்தப் பொட்டலத்தை அண்ணன் கையில் கொடுத்து, "இதை மாட்டாம நான் ஏற மாட்டேன் மச்சான்" என்றார். அண்ணன் வாங்கி பேன்ட் பையில் போட்டுக்கொண்டார்.

போட்டியன்று காலையில் நாங்கள் போனபோது விமானத்தை ஏற்கெனவே புல்தரை வழியாகத் தள்ளிக்கொண்டுபோய் ஓடுதளத்தின் முனையில் நிறுத்தியிருந்தார்கள். புல்லில் டயர் சத்தம் போடாது. அழகுக்காக என்று சக்கரங்களின் மேல் சிவப்புத் தகர மூடியும் மாட்டியிருந்தார்கள். தகடு வைத்தாயிற்றா என்று என் கணவர் கேட்டார். "வெல்டர் காலையிலேயே வந்து மாட்டிட்டான், ஏறுங்க மாப்பிள்ளை" என்று அண்ணன் சொன்னார். மூடியைக் கழற்றி ஒரு தரம் பார்த்துவிடுகிறேன் என்று என் கணவர் குனிந்தார். அண்ணன் கையில் மைக் இருந்தது. அதில், "எங்க மாப்பிள்ளைக்குப் பொண்டாட்டிகிட்ட மட்டுந்தான் பயம்னு நெனச்சேன், சக்கரத்துகிட்டயும் பயமாம்" என்றார். கூட்டம் சிரித்தது. என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அதன் பிறகு விமானம் ஓடத் தொடங்கியது, எழும்பப் போகிற நேரத்தில் மூக்கு இடப்பக்கம் திரும்பியது, திரும்பியது நேராகவில்லை, மேலும் மேலும் திரும்பி, வலது இறக்கை தரையில் உரசி, ஓரத்து வாய்க்காலில் சக்கரம் இறங்கி, விமானம் குப்புறக் கவிழ்ந்து மல்லாந்தது. சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. மூடிகள் இரண்டும் பிய்ந்து போயிருந்தன.

நானும் பல் டாக்டரும் ஓடினோம். பெட்ரோல் சொட்டியதால் மற்றவர்கள் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பாலேயே நின்றார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. என் கணவர் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். தாடை உடைந்து ரத்தம் நெற்றி வழியாக முடிக்குள் இறங்கியது. அவருடைய தலையையும் தாடையையும் பல் டாக்டர் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். என்னிடம் கத்தரிக்கோல் இருந்தது. பெல்ட்டை வெட்டினால் உடம்பு அப்படியே கழுத்தின் மேல் விழும், தோளைத் தாங்க இன்னொரு ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் என் அண்ணன் ஓடி வந்தார். எனக்கு உயிர் வந்தது.

அவர் எங்களிடம் வரவில்லை. சக்கரத்திடம் போனார். மல்லாந்து கிடந்ததால் சக்கரம் அவர் நெஞ்சு உயரத்துக்கு வாகாக நின்றது. பேன்ட் பையிலிருந்து ஸ்பேனரையும் நான் கட்டிக் கொடுத்த பொட்டலத்தையும் எடுத்தார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை. பல்லால் நூலைக் கடித்து அறுத்துத் துப்பினார். "அண்ணே, தோள் குடு அண்ணே" என்று நான் கத்தினேன். "இரு, இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு போல்ட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் கத்தினேன். மறுபடியும் இதோ வரேன் என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதை என் கூடப் பிறந்தவர் செய்து நான் பார்க்க வேண்டியிருந்தது. பெட்ரோல் சொட்டும் இடத்தில் நின்று வேலை பார்க்கும் துணிச்சல் அவரிடம் இருந்தது. அப்படி ஒரு துணிச்சலை அவரிடம் அதற்கு முன் நான் கண்டதில்லை. தீயணைப்பு வண்டி வந்து அதிலிருந்தவர்கள்தான் என் கணவரின் தோளைத் தாங்கினார்கள். அவர்கள் விலகச் சொன்னபோது அண்ணன் ஒரு சக்கரத்தை முடித்திருந்தார். இரண்டாவது தகடு அவர் உள்ளங்கையில் இருந்தது.

அதன் பிறகு மருத்துவமனையில் என் கணவரின் தாடைக்குக் கம்பி போட்டுக் கட்டினார்கள். அண்ணன் வராந்தாவில் என்னை ஓரமாக அழைத்து, "மாப்பிள்ளை பதட்டத்துல பிரேக்கை மிதிச்சுட்டாருன்னு சொல்லிடும்மா. லைசென்ஸ்தானே போகும், உயிரா போகுது? அவராலயும் இப்போ பேச முடியாது, அதுவும் ஒரு வகையில நல்லதாப் போச்சு" என்றார். சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார். வீட்டுக்கு வந்து தலைக்குச் சோப்புப் போட்டுக் குளித்தேன். கூடப் பிறந்தவர் தொட்ட இடத்தைத் தேய்த்துக் கழுவும் நிலை எந்தத் தங்கைக்கும் வரக் கூடாது.

என் கணவருக்கு அந்த லைசென்ஸ்தான் உயிர். அவர் பிரேக்கை மிதித்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நான் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது முடிச்சு. இறக்கைக்கடியில் கிடந்த அந்தத் துணியையும் நூலையும் நானே பொறுக்கி வந்து இப்போது ஒப்படைக்கிறேன். முடிச்சு நான் போட்டது போட்டபடி இருக்கிறது. நூல்தான் அறுந்திருக்கிறது, அதில் பல் பட்ட தடம் உள்ளது. காலையிலேயே மாட்டியிருந்தால் இந்தப் பொட்டலம் விமானம் கவிழ்ந்த பிறகு அவர் பையிலிருந்து எப்படி வந்தது என்று அவரையே கேட்கவும். விமானத்தை இன்னும் யாரும் நகர்த்தவில்லை. ஒரு சக்கரத்தில் புதுத் தகடும் மறு சக்கரத்தில் பழைய தகடும் இருப்பதை யாரும் போய்ப் பார்க்கலாம். என் கணவர் விரலில் அரம் பட்ட புண் இன்னும் ஆறவில்லை, அதையும் பார்க்கலாம்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் அண்ணனைப் பற்றி "உதவ வருவதில் தாமதம் ஏற்பட்டது" என்று அவர்கள் எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு, "வரவில்லை" என்று எழுதச் சொன்னேன், திருத்தப்பட்டது. எனக்கும் மேற்படி அண்ணனுக்கும் முன்விரோதம் ஏதேனும் உண்டா என்று அதிகாரி கடைசியாகக் கேட்டார். முன்பு எதுவும் இல்லை, எங்களுக்குள் ஒரு சொல் தடித்ததில்லை. இப்போது உண்டு. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதினார். மேலே உள்ளது முழுவதும் நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் தவிர வேறில்லை, யார் தூண்டுதலும் இல்லை, எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன்.

(கையொப்பம்)
தையல்காரி, காயமடைந்த விமானியின் மனைவி