சும்மா எண்ணுற வரி

அங்க வேணாம் தம்பி, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. ரோட்டுப் பக்கத்த எனக்கு விட்டுருங்க. மரியாதையெல்லாம் ஒன்னுமில்லலா, எனக்கு இந்த எடது காது சுத்தமா கேக்காது. வலது காதுதான் ஒழைக்குது, அது ரோட்டப் பாத்து இருக்கணும். நீங்க கொஞ்சம் சத்தமா பேசினாப் போதும்.

ஆமா, சிங்காரம் வீடு இதான். நான் அவரு சம்சாரம், அம்மாக்கண்ணு. அவரு மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு தானா ராத்தா டவுனுக்கு ஆட்டெறச்சி வாங்கப் போயிருக்காரு. ஈப்போவுலேர்ந்து வாத்தியாரு வர்றாரு, மெஷின் கொண்டாறாருன்னு மனுஷனுக்கு ரெண்டு நாளா கால் தரையில படல. நீங்க இவ்ளோ வெள்ளன வருவீங்கன்னு அவரு நெனைக்கல. நல்லதாப் போச்சு. நல்லதாத்தான் போச்சு.

பொட்டிய அந்த மேசையிலயே வைங்க. இதான் கம்ப்யூட்டர் மெஷினு, இது கேசட் ரெக்கார்டரா? சரி சரி. கையெல்லாம் மண்ணா இருக்கே, எதுல வந்தீங்க? திரிங்காப்புக்குத் திரும்பிப் போற காய்கறி லோரியிலயா? அதான். பின்னால கொழாய் இருக்கு, போய் கழுவிட்டு வாங்க. தண்ணி ஐஸா இருக்கும், பயந்துறாதீங்க. நான் தேத்தண்ணி ஊத்துறேன்.

வந்துட்டீங்களா. குடிங்க. நம்ம எஸ்டேட்டு தூளுதான், பேக்டரிலேர்ந்து குடுக்கறது.

இதுவா? கவாத்துக் கத்தி தம்பி. தேயிலைச் செடி ஒசந்து போச்சுன்னா இடுப்பளவுக்கு வெட்டி உடுவோமில்ல, அதுக்கு. முன்ன ஆம்பளைங்கதான் வெட்டுவாங்க, இப்ப ஆளு பத்தாம எங்களையும் எறக்கி விட்டுட்டாங்க. நீங்க பாட்டுக்குக் குடிங்க, நான் தீட்டிக்கிட்டே பேசுறேன். சும்மா கைய மடியில வெச்சுக்கிட்டுப் பேச எனக்கு வராது.

எங்க மெஷினப் பாக்கணுமா? பாருங்க. துணிய மட்டும் மெதுவாத் தூக்குங்க. அது என் கூறைப் பொடவைத் துணி. தூசி படக் கூடாதுன்னு அவரு கிழிச்சது. பெரிய துரை சீமைக்குத் திரும்பறப்ப அவரு மகன் விட்டுட்டுப் போன மெஷினு. எங்க வீட்டுக்காரரு பேக்டரியில வயர்மேன்ல, பங்களாவுல கரண்டு வேலைக்குப் போனப்ப குடுத்தாங்க. ஸ்பெக்ட்ரம்னு பேரு. நான் கித்தான்னுதான் சொல்லுவேன். பொத்தானத் தொட்டுப் பாருங்க, அத்தனையும் கித்தா, ரப்பரு. எங்கப்பா தாப்பாவுல கித்தா மரம் வெட்டியே செத்தாரு. அவரு எடுத்த பாலு சீமைக்குப் போயி, மெஷினாகி, என்னைய அடிக்கறதுக்குன்னு மலையேறி வந்துருக்குன்னு நெனைச்சுக்குவேன்.

ஆமா, அடிக்கறதுக்குத்தான். ஏன் டம்ளர கீழ வைக்கறீங்க? குடிங்க தம்பி, ஆறிப் போயிரும்.

நூர்தீன்னு அவருக்கு ஒரு கூட்டாளி. தானா ராத்தாவுல மாவு வீசி ரொட்டிச் சானாய் போடுற கடை வெச்சுருக்காரு. நல்ல மனுஷன். அவருகிட்டயும் ஒரு மெஷினு இருந்துச்சு, கொமடோரு. குண்டா, தவிட்டு நெறத்துல, ரொட்டி பெங்காலின்னு விக்கற முழு ரொட்டி மாதிரி இருக்கும். நான் அதுக்கு ரொட்டின்னே பேரு வெச்சேன். ஞாயித்துக்கெழமையானா ரொட்டியக் கட்டித் தூக்கிக்கிட்டு மோட்டார்ல வந்துருவாரு. இந்த ஒரே டிவியில மாத்தி மாத்தி மாட்டி, எது ஒசத்தின்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பாங்க. என்னுது கேசட்டுலேர்ந்து சீக்கிரம் லோடாவுதும்பாரு இவரு. என்னுது பாடுறதக் கேளும்பாரு அவரு. நெசமாவே ரொட்டி பாடும் தம்பி, மேளக்காரங்க வந்து எறங்கின மாதிரி. நம்ம கித்தா கோழிக்குஞ்சு மாதிரி கீச்சு கீச்சுன்னும்.

பேச்சு முத்துச்சுன்னா போட்டி. ரெண்டு பேரும் ஒரே கணக்க எழுதி, கேசட்டுல புடிச்சு வெச்சு, அத மெஷினுக்குள்ள லோடு பண்ணி ஓட விடுவாங்க. எது சீக்கிரம் முடிக்குதோ அது ஜெயிச்சது. உங்களுக்குத் தெரியாததா. கித்தா தோத்துரும். ரொம்பத் தூரத்துல தோக்காது, இம்புட்டுக்குத் தோக்கும். அதான் வம்பே. இவரு சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு, நூர்தீனுக்குத் தண்ணி கொண்டாறேன்னு அடுப்பங்கரைக்கு வருவாரு. வந்து, என் வாயில துணிய வெச்சுட்டு அடிப்பாரு. கரண்டியாலயும் அடிப்பாரு, வயராலயும் அடிப்பாரு. ஒரு தடவ என் தலைமயிரப் புடிச்சு அடுப்புத் தணல்ல மொகத்தக் காட்டினாரு, புருவம் பொசுங்கிப் போச்சு. அடிச்சு முடிச்சுத் தண்ணிய எடுத்துக்கிட்டு முன்னால போயி, இந்தா நூர்தீன் குடிம்பாரு.

ஏன்னு என்னையக் கேக்கறீங்களா? நானும் ரொம்ப யோசிச்சுட்டேன். பேக்டரில ஆபீஸ் கிராணி ஏய்ன்னு கூப்புட்டா ஓடணும். கங்காணி மகன் கூட இவர வாடா போடாம்பான். இந்த மெஷினு ஒன்னு முன்னாலதான் அவரு துரை. அதுலயும் தோத்தா அவருக்குக் கீழ யாரு இருக்கா? நான்தான் இருக்கேன். ஆனா இதெல்லாம் எனக்கு எதுக்கு தம்பி? காரணம் தெரிஞ்சா அடி வலிக்காமப் போயிருமா?

எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா எந்த மெஷினு ஒசத்தின்னு என்னையக் கேளுங்க, டக்குனு சொல்லுவேன். கித்தாதான். கித்தா ஜெயிக்கணும்னு மாரியம்மனுக்கு வெளக்குப் போட்டவ ஒலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

சிரிச்சுட்டீங்களே. சிரிங்க, தப்பில்ல.

ஒரு ஞாயித்துக்கெழம நூர்தீன் அண்ணன் தண்ணிக்குக் காத்திருக்காம தானே எந்திரிச்சு அடுப்பங்கரை வாசலுக்கு வந்துட்டாரு. இவரு என் கழுத்தப் புடிச்சுச் சொவத்தோட வெச்சு அழுத்திக்கிட்டு இருக்காரு. அண்ணன் நின்னு பாத்தாரு. இவருக்கு முதுகுப் பக்கம், தெரியல. எனக்கு அவரு கண்ணு தெரிஞ்சுச்சு. திரும்பிப் போயி, டிவி சத்தத்தக் கூட்டி வெச்சுட்டாரு. அன்னிக்கி எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே, என் புருஷன் மேல கூட அப்பிடி வந்ததில்ல. நீயும் ஒரு மனுஷனாடான்னு மனசுக்குள்ள காறித் துப்பினேன்.

அடுத்த வாரம் ரொட்டி தோத்துச்சு.

அதுக்கு அடுத்த வாரமும் தோத்துச்சு. இவருக்குத் தல கால் புரியல. நூர்தீன், ஒன் மெஷினுக்கு வயசாயிருச்சுடான்னாரு. அண்ணன் சிரிச்சுக்கிட்டே, ஆமா சிங்காரம், சூடு தாங்கல போலன்னாரு. இந்தக் குளுருல என்னா சூடு? எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. வாயத் தொறக்கல. அந்த மாசத்துல என் வீட்டுக்காரரு எனக்கு செவப்புல ஒரு சுவெட்டர் வாங்கிக் குடுத்தாரு. வாரத்துல ஒரு நாள் கோழி. ராத்திரி சோத்துக்கு என்னையப் பக்கத்துல உக்காரச் சொன்னாரு. கல்யாணம் கட்டின பொம்பளைங்க எல்லாரும் இப்பிடித்தான் இருப்பாங்க போலன்னு நெனைச்சேன். சந்தோஷமா இருந்தேன் தம்பி, பொய் சொல்லல.

அவருக்கு எப்பிடித் தெரிஞ்சுதா? ஒரு நாள் போட்டி முடிஞ்சு, கித்தா ஜெயிச்சு, அண்ணன் தொழுவுறதுக்காகக் கைகால் கழுவப் பின்னால போனாரு. ரொட்டி டிவியிலயே மாட்டிக் கெடந்துச்சு. இவரு சும்மா இருக்காம லிஸ்ட்டுன்னு அடிச்சு, அண்ணன் எழுதின கணக்க வரிவரியாப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தவரு அப்பிடியே நின்னுட்டாரு. அம்மாக்கண்ணு, இங்க வான்னாரு. பக்கத்துல நிக்க வெச்சு, வெரல வெச்சுக் காட்டி, பொறுமையா சொல்லிக் குடுத்தாரு. இந்த வரியப் பாரு. ஒன்னுலேர்ந்து ஐநூறு வரைக்கும் எண்ணுன்னு எழுதியிருக்கான். எண்ணி என்னா பண்ணணும்? ஒன்னும் பண்ண வேணாம். சும்மா எண்ணணும். இந்த வரி கணக்குக்கு வேணவே வேணாம். அப்ப எதுக்குப் போட்டான்? மெதுவாப் போறதுக்கு. நான் ஜெயிக்கறதுக்கு. நான் ஜெயிச்சா அவனுக்கு என்னாடி லாபம்?

கல்யாணமாகி அன்னிக்கித்தான் எனக்கு அவரு ஒன்னச் சொல்லிக் குடுத்தது. எனக்கு நல்லாப் புரிஞ்சுது. இன்ன வரைக்கும் மறக்கல.

அண்ணன் தொழுதுட்டு, ஈரக் கையோட வந்து உக்காந்தாரு. இவரு மொகத்துல சிரிப்பு. நூர்தீன், கைய இப்பிடி மேசையில வையின்னாரு. ஏதோ வயரப் புடிக்கச் சொல்றாருன்னு அந்த மனுஷன் வலது கைய விரிச்சு வெச்சாரு. எங்க அம்மிக் கொழவி இவரு மடியில இருந்துருக்கு. ஒரே போடு. அப்புறம் இன்னொன்னு. வெரலு எலும்பு நொறுங்குற சத்தம் கேட்டுருக்கீங்களா? காஞ்ச மெலாறுக் குச்சி முறியற மாதிரித்தான், பெருசா ஒன்னுமில்ல. அண்ணன் கத்தக் கூட இல்ல. என்னையப் பாத்து, ஓடு புள்ளன்னாரு. நான் ஓடல. இவரு எனக்கும் அவருக்கும் தொடுப்புன்னு கத்திக்கிட்டே என் பக்கம் திரும்பி, அதே கொழவியால காதோட சேத்து வெச்சாரு. நான் ரெண்டு காதாலயும் கேட்ட கடைசி சத்தம் அதான். ரொட்டியத் தூக்கிப் பள்ளத்துல வீசிட்டாரு. ரெண்டு நாளா வயரோட தேயிலைச் செடில தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு, கொழுந்து பறிக்கப் போனவங்கள்லாம் வேடிக்கை பாத்தாங்க.

போலீசா? ஆஸ்பத்திரியில அண்ணன் லோரிக் கதவுல கை நசுங்கிருச்சுன்னுட்டாரு. சிங்காரத்த உள்ள போட்டாலும் நாலு நாள்ல வெளிய வந்துருவான், வந்து அந்தப் புள்ளைய என்னா பண்ணுவானோன்னு அவரு சம்சாரம் சலீமாகிட்ட சொன்னாராம். இப்ப எடது கையாலதான் கல்லாவுல உக்காந்துருக்காரு. மாவு வீசறது வேற ஆளு. நான் அந்தப் பக்கம் போனா தலையக் குனிஞ்சுக்குவாரு. நானும் குனிஞ்சுக்குவேன்.

வீட்ட விட்டா? போனேனே. கம்போங் ராஜாவுல என் தங்கச்சி தங்கம்மா வீட்டுக்குப் போனேன். இவரு பாராங்குக் கத்தியோட வந்து வாசல்ல உக்காந்துட்டாரு. அவ புருஷனே என் துணிமணியக் கட்டிக் குடுத்து, அக்கா கோவிச்சுக்காதீங்க, எங்களுக்குப் புள்ளைங்க இருக்குன்னாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல.

அப்புறம் போட்டிக்கு ஆளே இல்லாம கித்தா சும்மா கெடந்துச்சு. வீடும் சும்மா கெடந்துச்சு. அடி நின்னு போச்சுன்னே வைங்களேன். மெஷினு வெச்சுருக்கவங்க சங்கத்துக்கு அவரு கடுதாசி போட்டதும், நீங்க வர்றேன்னு எழுதினதும் எனக்கு முந்தாநேத்துதான் தெரியும். உங்க மெஷினு எம்.எஸ்.எக்ஸாமே. கணக்குல புலியாமே. அவருதான் சொன்னாரு. சொல்லிட்டு என்னையப் பாத்தாரு.

அதனால தம்பி, நீங்க தோத்துடுங்க.

இல்ல, உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல. நீங்க கை கழுவப் போனப்பவே உங்க ரெக்கார்டர் சத்தத்தக் கொறைச்சு வெச்சுட்டேன். அம்புட்டு மெல்லிசா இருந்தா மெஷினுக்குக் கேக்காது, கணக்கு லோடாகாது. எத்தன ஞாயித்துக்கெழம பாத்துருக்கேன். எல்லாரு மெஷினுக்கும் வர்ற சீக்குதான் அது, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நீங்க திருகுற மாதிரி திருகி, ஏத்தாம விட்டுருங்க. கேசட்ட ரெண்டு தடவ திருப்பிப் போடுங்க. சும்மா எண்ணுற வரி மட்டும் வேணாம், இப்பல்லாம் மொதல்ல அதத்தான் தேடுவாரு. தோத்துட்டு சிரிக்காதீங்க. அண்ணன் சிரிச்சுட்டாரு, அதான் தப்பாப் போச்சு. கொஞ்சம் கோவப்படுங்க. அவருக்குப் புடிக்கும்.

இருங்க. மோட்டாரு. ஆமா, அவருதான், வளைவுல கியர் மாத்துறாரு. டம்ளர இப்பிடிக் குடுங்க. மொகத்த நேரா வைங்க தம்பி, இந்த மொகத்தோட இருந்தா வாசல்லயே கண்டுபுடிச்சுருவாரு.

இந்தக் கத்தியா? இத அரிசி மூட்டைக்குப் பின்னால வெச்சுர்றேன், கைக்கு எட்டுற எடம். நாளைக்குக் கவாத்துக்கா? இல்ல தம்பி, நாளைக்கு ஒன்னுமில்ல. கவாத்து போன மாசமே முடிஞ்சுருச்சு.