கிரைண்டர் செஞ்ச குத்தமா?

…அதத்தான் நைனா சொல்றேன், கிரைண்டர் மேல பழி போட்டா எனக்குப் பத்திகினு வருமா வராதா? இந்தா, கிட்டார மெதுவா வாங்கு. மண்ணூர்பேட்டைலேர்ந்து இங்க முகப்பேர்ல உன் ரிப்பேர் கடை வரிக்கும் ஷேர் ஆட்டோல மடில வெச்சுகினு வந்துகீறேன். பக்கத்துல குந்திகினு வந்தவன், "இன்னாக்கா, நீங்க வாசிப்பீங்களா?"ன்னு கேக்குறான். ஏன், வாசிச்சா இன்னா? மாவாட்றவ வாசிக்கக் கூடாதா? சரி, உடு.

நீ இத்தக் கேளு. நாகவல்லி மாவுன்னு மண்ணூர்பேட்டைல யார வோணா கேட்டுப் பாரு, கடையக் காட்டுவாங்க. இட்லி மாவு. அந்தக் கிரைண்டர்தான் எங்களுக்குச் சோறு போடுது. எம்பொண்ணு கவிப்பிரியாவுக்கு இந்தக் கரண்டு கிட்டாரு வாங்கிக் குடுத்ததே அதான். அவ இன்னா சொல்றா? "நீ கிரைண்டர் போட்டா என் ஸ்பீக்கர் உறுமுதும்மா"ன்றா! த்தோடா! ஒரே ஊட்ல ரெண்டும் கீது, கொஞ்சம் உறுமத்தான் செய்யும். நானும் அவளும் உறுமிக்கல?

சரி, உறுமுனாக்கூட பரவால்ல. நேத்து சாயந்தரம் கிட்டார்ல ஒயர சொருவறா… கர்ர்ருனு ஒரு தபா கொரகொரத்துச்சு, அவ்ளோதான், பேச்சு மூச்சு இல்ல. இன்னிக்கி சாயந்தரம் திருமுல்லைவாயில்ல ஒரு ரிசப்ஷன், இவளுக்கு மொத மேடை. தரையில குந்திகினு அழுவுறா. "உன் கிரைண்டர்தான் கெடுத்துச்சு, இப்ப உனக்கு சந்தோசமா?"ன்னுட்டா. சந்தோசமான்னு கேட்டா நைனா, பெத்தவளப் பாத்து! கார்த்தாலேர்ந்து எங்கூட பேச்சே இல்ல. டிபன் பாக்ஸக்கூட எடுக்காம ஆபீசுக்குப் போய்ட்டா. மனசு கேக்குமா? நானே தூக்கிகினு வந்துட்டேன்.

இன்னா, ஒயர மாத்துறியா? அதெல்லாம் அவ மாத்திப் பாத்துட்டா. ஸ்பீக்கரும் நல்லாதான் கீது. எதிர்வூட்டு ரோஹித்து அவன் கிட்டார கொண்டாந்து சொருவுனான், ஜோரா பாடுச்சு. அந்தப் பையன் இன்னாத்துக்கு எதுக்கெடுத்தாலும் எங்கூட்டுக்கு ஓடியாரான்னு… அது வேற கதை.

அந்தக் குமிழ இன்னாத்துக்குத் திருவுற? தூசி பூந்தா கொரகொரக்குமா? தூசியா! எங்கூட்லயா! ஐயே, எங்கூட்டுக்காரு ஏகாம்பரம் லேத்துப் பட்டறைலேர்ந்து வந்தா, அவரையே வாசல்ல வெச்சுத் தட்டித்தான் உள்ள உடுவேன். அவரு இன்னா சொல்றாரு தெரியுமா? "எர்த்து சரியில்ல"ன்றாரு. மிக்ஸி நின்னாலும் எர்த்து, டிவி நின்னாலும் எர்த்து. அவருக்கு முட்டி வலின்னாலும் எர்த்துதான்!

யப்பா, மொத்தமா கழட்டிட்டியே! திருப்பி மாட்டத் தெரியும்ல? கோச்சுக்காத, சும்மா கேட்டேன். மீட்டர் வெச்சுப் பாக்குறியா, பாரு பாரு… கீங்னு கத்துதே! கத்துனா நல்லதா? அப்போ உள்ள ஒயரெல்லாம் சரியாத்தான் கீதா? பின்ன எங்கதான் நிக்கிது?

சொருவற ஓட்டைலயா டார்ச் அடிக்கிற? அதுல இன்னா இருக்கப் போவுது… அட, குச்சி உட்டு நோண்டாதப்பா, உடைஞ்சிடப் போவுது. மஞ்சளா இன்னாமோ வருதே. துருவா? ஏன் மோந்து பாக்குற?

சந்தனமா?

கிட்டாருக்குள்ள எப்டி நைனா சந்தனம்… ஒருவேள மரமே சந்தன மரமோ இன்னாவோ…

சிரிக்காத. கிட்ட வா, சொல்றேன்.

முந்தாநேத்து ஆயுத பூஜை இல்ல? கிரைண்டருக்குப் பொட்டு வெச்சேன், ஸ்கூட்டிக்கு வெச்சேன். அவரு பட்டறைல லேத்துக்கு வெச்சுட்டு வந்தாரு. இந்தக் கிட்டாரு மட்டும் அதோட பைக்குள்ள அனாதையாட்டம் கெடக்குது. வெளையாட்டுச் சாமான்னு நான்தான் ஏசிகினு இருந்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா ரிசப்ஷனுக்கு வாசிக்கக் கூப்ட்டாங்கம்மான்னு ஓடியாந்து சொன்னா பாரு, அதுக்கப்பறம் இது வெளையாட்டுச் சாமானா? தொழில் சாமான் நைனா! தொழில் சாமானுக்குப் பொட்டு வெக்காம உடுவாங்களா?

இத்த யாரையும் தொட உடமாட்டா. அவ கடைக்குப் போன நேரமாப் பாத்து எடுத்தேன். எங்க வெக்கிறதுன்னு பாக்குறேன், பொட்டு வெக்கிறதுக்குன்னே செஞ்சா மாதிரி தோதா ஒரு ரவுண்டு பள்ளம் கீது. சந்தனத்த நல்லாக் கொழச்சு, கட்டவெரலால அமுக்கி, நடுவுல குங்குமம் வெச்சேன். அம்மனாட்டம் இருந்துச்சு! எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. அப்பால, அவ பாத்தா கத்துவாளேன்னு முந்தானையால தொடச்சுட்டேன். மேலாக்கதான் தொடச்சுகீறேன் போல.

ஆங், பஞ்ச உட்டு நல்லாத் தொட. போச்சா? சொருவு பாப்போம்…

ஐயோ, டங்னுச்சே! இன்னொரு தபா தட்டு நைனா, இன்னும் ஒரே ஒரு தபா. அப்பாடி… பாடுது.

தோ, போன் அடிக்குது, அவதான். நீயே பேசு. ரெடியாயிடுச்சுன்னு சொல்லு. எதனாலன்னு கேப்பா. கேட்டா… கிரைண்டராலதான்னு சொல்லிடு. ஆமாப்பா, மெய்யாலுமேதான் சொல்றேன். அது வாயில்லாத மெஷினு, கோச்சுக்காது.

பேசிட்டு, எனக்கு ஒண்ணே ஒண்ணு காட்டு. அடுத்த வருசம் எந்த எடத்துல பொட்டு வெச்சா உள்ள போவாது?