அப்பா பேர்ல வந்த நம்பர்

– நானூத்திப் பத்தும்மா! இங்க ஆஸ்பத்திரில எடுத்துப் பார்த்தா அப்பாவுக்கு சுகர் நானூத்திப் பத்து. என் போனைப் பாரு, நேத்து காலைல நூத்திப் பன்னெண்டுன்னு இருக்கு. இல்ல, எனக்குப் புரியல, ஒரே நாள்ல எந்த மனுஷனுக்கு இப்படி ஏறும்?

– மெதுவாப் பேசுடி. உள்ள உங்கப்பாவுக்குக் காலை எடுத்துக்கிட்டிருக்காங்க. நீ போனை நீட்டுற.

– நீட்டாம? ஒன்றரை வருஷமா தினமும் காலைல அவர் விரல்ல குத்தி எடுக்குற. அந்த நம்பர் மிஷின்லேருந்து எனக்கும் வருது, டாக்டருக்கும் போகுது. அதைப் பார்த்துத்தானே அவர் மாத்திரையைப் பாதியாக் குறைச்சாரு! அந்த மிஷின் வித்தவனை நான் சும்மா விடப்போறதில்ல.

– மிஷினை ஏன்டி திட்டுற? அது உள்ளதைத்தான் சொல்லிச்சு.

– உள்ளதையா?

– என் ரத்தத்துல உள்ளதை.

– என்னம்மா சொல்ற?

– குத்தினது என் விரல்ல.

– ஒன்றரை வருஷமா?

– மொத வாரம் அவருக்குத்தான் எடுத்தேன். முன்னூறு வந்துச்சு. 'வீட்ல சும்மாதானே இருக்க, அவர் என்ன திங்கிறார்னு பார்க்க மாட்டியா'ன்னு நீ போன்ல குதிச்ச. மறுநாள் ஊசியை எடுத்தா, 'கையை உடைப்பேன்'னு அவர் குதிச்சாரு. ரெண்டு பக்கமும் இடி வாங்க நான் என்ன மத்தளமா?

– அதுக்காக? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

– சொல்லத்தான் நினைச்சேன். ஆனா என் நம்பர் போச்சு பாரு, உடனே நீ அனுப்பின: 'சபாஷ், இன்னிக்கு அசத்தல்!' கூடவே ஒரு பூ, கைதட்டுற பொம்மை.

– அது அப்பாவுக்கும்மா!

– தெரியும். அவர் போனைத் தொடுறதே இல்ல, நான்தான் படிப்பேன். ரத்தம் என்னோடது, பாராட்டு மட்டும் எப்படி அவரோடதாகும்? கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷம், இந்த வீட்ல எனக்கு யாரு கைதட்டினா? மறுநாள் நம்பர் நல்லா வரணும்னு ராத்திரிச் சோத்தைக்கூட விட்டேன்டி.

– ஐயோ... சரி, அழாதே. இல்ல, நீ என்ன பண்ணுவ? எல்லாம் அவர் பிடிவாதம். அவர் மட்டும் விரலைக் காட்டியிருந்தா இன்னிக்குக் கால் தப்பிச்சிருக்கும்.

– அவர் தலையில கட்டாதே.

– வேற யார் தலையில கட்ட?

– மூணு மாசம் முன்னாடி, கால்ல புண்ணு வந்ததும் பயந்துட்டாரு. காலைல அவரே வந்து பக்கத்துல உக்காந்து விரலை நீட்டினாரு. 'எனக்கும் ஒரு தடவை பாரேன்'னாரு. நான்தான், 'உங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு, போங்க'ன்னு சொல்லி டப்பாவை மூடிட்டேன்.