எட்டுக் கட்டுக்கு ஒரு வகுத்தல்

பிந்து மேடம், காப்பிக்குச் சர்க்கரை போதுமா? தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள், சொல்கிறேன். பிரணவின் பையில் கிடைத்த நோட்டில் இருப்பது என் கையெழுத்துதான். அனந்தலக்ஷ்மி டீச்சரின் கையெழுத்து தெரியாதவர் வலியசாலையில் உண்டா?

ஓணம் வந்தால் எங்கள் வீட்டில் நாலு நாள் சீட்டாட்டம், இருபத்தெட்டு. விழுந்த சீட்டை மறக்காதவன்தான் அதில் ஜெயிப்பான். என் தங்கை விஷ்ணுப்ரியாவின் புருஷன் பிரணவ் எதையும் மறக்கமாட்டான். காசு வைத்து ஆடிப் பழக்கமில்லாதவன். பெங்களூரில் பிளாட் வாங்கி ப்ரியாவை அழைத்துப்போக வேண்டும், முன்பணம் குறைகிறது என்று அந்த ஓணத்தில் புலம்பினான். அம்மா போனபிறகு அவளுக்குத் தலைவாரி, சோறூட்டி வளர்த்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா?

அந்த முன்பணத்தைச் சூதில் ஜெயித்துவிடலாம் என்று நான் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஆறு வரையுள்ள சின்னச் சீட்டு விழுந்தால் ஒன்று கூட்டு. பத்தோ படமோ ஏஸோ விழுந்தால் ஒன்று கழி. தொகை ஏற ஏறப் பந்தயத்தையும் ஏற்று. இதோ, இந்த மேஜையில்தான் ஒற்றைச் சீட்டுக்கட்டை வைத்து, புளியங்கொட்டையைப் பந்தயம் கட்டி, ஒரு மாதம் ஆடினோம். பெரும்பாலும் அவனே ஜெயித்தான்.

கோவாவின் சூதாட்டக் கப்பலுக்குக் கிளம்பும்போது கேட்டான்.

"அக்கா, அங்க எட்டுக் கட்டு சேர்த்தாக்கும் ஆட்டம். நம்ம கணக்குல வல்ல மாத்தமும் வேணுமா?"

வேண்டும். மிச்சமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் தொகையை வகுக்க வேண்டும். தொகை எட்டு என்று வந்தால், அங்கே அது ஏறக்குறைய ஒன்றுதான். வகுக்காதவன் ஒன்றுமில்லாத நேரத்தில் எல்லாவற்றையும் தூக்கி வைப்பான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

"ஒண்ணும் வேண்டாம். சீட்டு எங்கேயும் சீட்டுதானே" என்றேன்.

சேமிப்பும் ப்ரியாவின் நகையும் இரண்டே நாளில் போயின. மூன்றாம் நாள் அந்தக் கப்பல் நிற்கும் ஆற்றிலிருந்து அவன் உடலை எடுத்தார்கள். குதிக்கச் சொல்லி நான் அந்த நோட்டில் எழுதவில்லை, மேடம். வகுத்தல் சொல்லித்தராதது எந்தச் சட்டத்தில் குற்றம், காட்டுங்கள். இன்னொரு தடவை அவன் வந்து கேட்டாலும் அதே பதில்தான் சொல்வேன்.

ப்ரியா இப்போது என்னோடு இருக்கிறாள். எனக்கு அது போதும். நேற்று நீங்கள் அவளிடம் நோட்டைக் காட்டியதிலிருந்து என்னோடு பேசவில்லை, துக்கம், சரியாகிவிடும். வாசலில் அவள் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். மழை விட்டதும் உள்ளே கொண்டுவந்து வைத்துவிடுவாள். ஆட்டோ ஹாரன் கேட்கிறதே, அது பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கும்.