யாரும் திறக்காத கோப்பு

நாற்காலி வேண்டாம். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. எங்கள் வீட்டில் யாரும் கால் ஆட்டுவதில்லை. நின்றே சொல்கிறேன்.

மருத்துவமனைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது எங்கள் தொழில். வாசல் பலகையில் இருப்பது என் தகப்பனார் பெயர். முதல் தளத்தை ஒரு வரி விடாமல் நானே எழுதினேன். ஏழு மாதம் பிடித்தது. மருமகள் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தானே நிரல் எழுதித் தரும் டூலில் ஒரு கட்டளை தட்டினாள். பக்கம், படிவம், சரிபார்ப்பு எல்லாம் தயாராக வந்து விழுந்தன. நான்கே நாளில் வேலை முடிந்தது.

“உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?” என்று கேட்டேன்.

“அது தானா வர்ற ஃபைல், மாமா. யாரும் தொறந்துகூடப் பாக்க மாட்டாங்க.”

“அப்புறம் நீ எதுக்கு?”

“ஏழு மாசம் இழுக்காம இருக்கத்தான்!”

என் மகனும் சிரித்தான். அலுவலகமே சிரித்தது.

அந்த ஜன்னலைத் திறக்கலாமா? நன்றி.

அவள் செய்த தளத்தில் மருந்தின் அளவைப் பதியும் படிவம் ஒன்று இருந்தது. உச்ச அளவு எவ்வளவு என்று அவள் குறித்திருந்தாள். அதை மீறினால் தடுக்கும் வரியை டூல் எழுதியிருந்தது. சரியாகவே எழுதியிருந்தது. அவள் சாப்பிடப் போன நேரத்தில் அந்த வரியை நீக்கினேன். சோதனையில் மாட்டுவாள், நாலு பேர் முன்னால் தலைகுனிவாள், அத்தோடு சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். சோதனையைக் காலையிலேயே முடித்துவிட்டாள் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

மறுநாள் தளம் திறந்தது. மூன்று நாள் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். சொல்வதென்றால் அவள் முன்னால் போய் நின்று சொல்ல வேண்டும்.

நான்காம் நாள் நர்ஸ் ஒருவர் ஐந்துக்குப் பதிலாக ஐம்பது என்று தட்டினார். படிவம் ஏற்றுக்கொண்டது. அந்த மருந்து ஏறிய குழந்தைக்கு ஆறு வயது.

பக்கத்து அறையில் மருமகள் அழுவது எனக்கும் கேட்கிறது. டூலை நம்பியது தன் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். அனுபவம் இல்லாதவர்களுக்கு டூல் கொடுத்தால் இதுதான் கதி என்று நேற்றுவரை நானும் எல்லோரிடமும் சொன்னேன். இன்று உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். என் தகப்பனார் பெயருக்குக் கீழே, ‘அறியாமையால் நேர்ந்த பிழை’ என்று போட்டிருக்கிறீர்கள்.

அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். எங்கள் நிறுவனத்தில் எதுவும் அறியாமல் நடந்ததில்லை. அந்த வரி என்ன செய்யும் என்று எழுத்தெழுத்தாகத் தெரிந்துதான் நீக்கினேன்.

எந்த டூலும் இல்லாமல், கையால்.