சிறப்பு வகுப்பு மாணவி

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், சின்னாளப்பட்டி பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, எனக்கு முன் இருக்கையில் இருந்த கல்லூரிப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "இன்னைக்கும் எனக்கு நானே பாடம் எடுத்துட்டு வாரேன்டி."

"என்னடி சொல்ற?"

"வீட்ல முதமுதலா காலேஜுக்கு வந்த பிள்ளைக எல்லாம் சாயங்காலம் இங்கிலீஷ் சிறப்பு வகுப்புல உக்காரணும்ல, அதுதான்."

"இங்கிலீஷ்ல நீதான காலேஜ் பர்ஸ்ட்டு. உனக்கு எதுக்கு?"

"மேடம்கிட்ட கேட்டேன். லிஸ்ட்ல பேரு இருக்கு, வந்துதான் ஆகணும்னுட்டாக. வந்து உக்காந்தா, 'எனக்கு ஆபீஸ்ல வேலை கெடக்கு, நீ சும்மாதான இருக்க, நடத்து'ன்னுட்டுப் போயிருறாக. மூணு மாசமா நான்தான் நடத்துறேன்."

"அப்ப லிஸ்ட்ல இருந்து பேரை எடுக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"எடுத்தா ஆளு கொறையுமாம்."

பஸ் நகர்ந்தது. அவள் விரல்களில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"இன்னைக்கு அறிக்கைக்குப் போட்டோ எடுக்க வந்தாக. இந்த வகுப்பால முன்னேறுன பிள்ளைன்னு என்னையத்தான் காட்டுனாக."

"பரவால்லயே. போர்டு பக்கத்துல நிக்க வச்சா எடுத்தாக?"

"இல்ல. சாக்பீஸை மேடம்கிட்ட குடுத்துட்டு, முதல் பெஞ்சுல உக்காந்து நல்லாக் கவனிக்கச் சொன்னாக."