புதிய இணையத்தளத்துக்கு வேலம்மா சொன்ன கருத்து

அவைக்கு நடுவே அமர்ந்து அழகு சேர்க்கும் தலைவர் மகேந்திரராஜா ஐயா அவர்களே! எங்கள் முதலாளி, கோபம் வந்தாலும் குரல் உயராத அப்துல் ஸமத் ஹாஜியார் அவர்களே! பல்லேபொலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்த பெரியோர்களே! கிடைத்த ஒரே பஸ்ஸைத் தவறவிடாமல் பல்லேகமவிலிருந்து விடியலிலே புறப்பட்ட விவசாயிகளே! மடியிலே பிள்ளையும் மனத்திலே ஆயிரம் வேலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! மிளகு புடைத்து, ஏலக்காய் தெரிந்தெடுத்து, கராம்பு காயவைத்து, கைகளெல்லாம் கமகமக்க வந்து அமர்ந்திருக்கும் எங்கள் சாரல் வாசனைத் திரவியக் கம்பனியின் சகோதர சகோதரிகளே! உங்கள் அனைவரையும் இந்தக் கம்பனியின் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சுசீலாதேவி இரு கரம் குவித்து வணங்குகிறேன்.

சுருக்கமாகப் பேசும்படி தலைவர் சொல்லியிருக்கிறார். சிரிக்கிறார், பாருங்கள்! நான் சுருக்கமாகப் பேசியதை அவரும் கேட்டதில்லை, நீங்களும் கேட்டதில்லை. ஆனால் இன்றைக்கு என்னால் அடக்கிப் பேச முடியாது ஐயா. இந்த இரண்டாயிரத்து நான்காம் ஆண்டிலே எங்கள் கம்பனிக்குப் புதிய இணையத்தளம் பிறக்கிறது. அது எப்படிப் பிறந்தது என்ற கதை என் நெஞ்சிலே நிற்காமல் துள்ளுகிறது!

பழைய இணையத்தளம் ஒன்று இருந்தது. இருந்தது என்று சொல்வதே பெரிய மரியாதை. ஒரே ஒரு பக்கம். அதிலே ஒரு மிளகுப் படம். அதன் கீழே ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணிலும் ஓர் இலக்கம் பிழை! ஜெர்மனியிலிருந்து கராம்பு கேட்டு அழைத்தவர்களுக்கெல்லாம் ஒரு பேக்கரிக்காரர் எடுத்து, பாண் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிரியுங்கள், சிரியுங்கள்! நாங்கள் அழுதுவிட்டுத்தான் சிரித்தோம்.

அதை மாற்றத்தான் கொழும்பிலிருந்து ஜெயரட்ணம் வந்தார். இதோ, மேடையின் ஓரத்திலே, கழுத்திலே கமராவுடன் நிற்கிறாரே, அவர்தான். இணையத்தளங்களை வடிவமைப்பதிலே வல்லவர். வந்தார், வளைத்து வளைத்துப் படம் பிடித்தார். புதிய தளத்தின் மேலே ஒரு யானை அசைந்து நடக்கும். பின்னாலே புல்லாங்குழல் ஒலிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'எங்கள் மக்கள்' என்று ஒரு பக்கம். கம்பனியிலே வேலை செய்யும் ஒவ்வொருவரின் முகம், முகத்தின் கீழே பெயர், பெயரின் கீழே ஊர். நான் பார்த்தேன், பூரித்தேன், உடனே உலகத்துக்குத் திறந்துவிடலாம் என்று துடித்தேன்.

ஹாஜியார்தான் தடுத்தார். "நாலு பேருட கருத்தக் கேக்காம இதத் தொறக்க ஏலா. மொதல்ல நம்மட ஆக்களுக்குக் காட்டுங்க" என்றார்.

காட்டினோம். பொதி கட்டும் கூடத்திலே வெள்ளைத் துணி கட்டி, அத்தனை பேரையும் அமர்த்தி, பக்கம் பக்கமாகக் காட்டினோம். காட்டி முடித்து, "உங்கட கருத்தைச் சொல்லுங்கோ" என்றேன். என்ன சொன்னார்கள் தெரியுமா? "நல்லா இருக்குங்க மிஸ்." அடுத்தவர்? "நல்லா இருக்குங்க." அதற்கடுத்தவர்? "ரொம்ப நல்லா இருக்குங்க."

அன்பர்களே, அது பாராட்டா? நானும் இந்த நாட்டிலே பிறந்து, இந்த ஆண்டுகளைக் கடந்து வந்தவள்தான். சோதனைச் சாவடியிலே கேட்டால் என்ன சொல்வோம்? பிரச்சினை இல்லை என்போம். அலுவலகத்திலே கேட்டால்? எல்லாம் சரி என்போம். கருத்து என்று ஒன்றைச் சொல்லி, அதனால் வந்த வினையை அனுபவித்தவர்கள் எத்தனை பேர் இந்த மண்டபத்திலே! நாங்கள் ஊமைகளா? இல்லை. எங்களுக்கு எண்ணம் இல்லையா? இருக்கிறது. எண்ணத்தை விழுங்கி விழுங்கிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

அந்த மௌனத்தை முதலில் உடைத்த பெருமை எங்கள் சரக்குகளை ஏற்றி இறக்கும் திரீவீலர் சாரதி யாகூப்பைச் சேரும். எழுந்து நின்று சொன்னார்: "மிஸ், கோவிச்சுக்கொள்ள வாணாம். இந்தப் பக்கம் தொறக்கிறதுக்குள்ள நான் பல்லேபொலைக்கு ஒரு ஹயர் போய்த் திரும்பி வந்துடுவன்!"

இப்போது நீங்கள் சிரித்ததைப் போலத்தான் அன்றும் கூடமே குலுங்கியது. சிரிப்பு திறந்த வாயிலே பேச்சும் வந்தது. லக்கலையிலிருந்து மிளகு கொண்டுவரும் விவசாயி ஒருவர் சிங்களத்திலே சொன்னார். தமிழிலே சொல்கிறேன்: "போன வாரம்தான் என் வயலை யானை மிதித்தது. நீங்கள் அதை அழகு என்று நடக்க விட்டிருக்கிறீர்கள். மிளகு வாங்க வருகிறவனுக்கு யானை எதற்கு?" ஒருவருக்குப் புல்லாங்குழல் தலைவலி. ஒருவருக்கு எழுத்து எறும்பு அளவு. ஜெயரட்ணம் முகத்திலே ஈயாடவில்லை! ஆனாலும் அந்த மனிதர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, "இன்னும் சொல்லுங்கோ, இன்னும் சொல்லுங்கோ" என்றார்.

அப்போதுதான் வேலம்மா எழுந்தார்.

வேலம்மா சாதிக்காய் உடைக்கும் பகுதியிலே வேலை செய்பவர். அவருடைய மகள் பரிமளம் பொதி கட்டும் பகுதியின் பொறுப்பாளர். வேலம்மாவின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவர் சொன்னார்: "எம் பொண்ணு போட்டோவ அதுலேர்ந்து தூக்கிடுங்க."

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னார். "எம் மகன் அழகுமுத்து கொழும்புல ஒரு கடையில நின்னான். கடையில எல்லாரையும் நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்து மாட்டியிருந்தாங்க. அங்கிட்டு ஒரு குண்டு வெடிச்சப்போ பொலிஸ் ஆளுங்க வந்தாங்க. போட்டோவப் பாத்தாங்க. இவன் பேரு என்னா, ஊரு என்னான்னு கேட்டாங்க. புடிச்சிட்டுப் போயிட்டாங்க. சிரிச்சிக்கிட்டு போட்டோவுல நின்னதத் தவிர எம் புள்ள என்னாங்க செஞ்சான்? வழக்கும் இல்ல, விசாரணையும் இல்ல. வெளிய வந்தவன் கட்டாருக்குப் போனான், இன்னும் திரும்பல. மூஞ்சி, பேரு, ஊரு மூணும் ஒரே எடத்துல இருந்தா எனக்குப் பயமா இருக்குதுங்க."

ஒருவர் எழுந்தார்: "எம் படத்தயும் தூக்கிடுங்க மிஸ்." இன்னொருவர், "எங்க ஊரு பேர மட்டும் எடுத்துடுங்க" என்றார். சற்றுமுன் நல்லா இருக்கு என்று சொன்ன அதே வாய்கள்! அந்தப் பக்கத்தைப் பார்த்து நான் பூரித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர்கள் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஜெயரட்ணம் பரிமளத்தின் படத்தை அழிக்கக் கையை நீட்டினார்.

"எம் போட்டோவ அழிக்காதீங்க!"

அது பரிமளத்தின் குரல்.

"வாய மூடுடி" என்றார் வேலம்மா.

"மூட மாட்டேன்மா. அண்ணனப் புடிச்சிட்டுப் போனப்போ நாம எங்கெங்க அலைஞ்சோம்? அந்தக் கட மொதலாளியே இவன எனக்குச் சரியாத் தெரியாதுன்னு கைய விரிச்சாரா இல்லியா? இவன எனக்குத் தெரியும், நல்ல பையன்னு சொல்ல ஒரு ஆளு இருந்திருந்தா அவன் அவ்வளவு நாளு உள்ள கெடந்திருப்பானா? என்னய நாலு பேருக்குத் தெரியட்டும். நான் யாரு, எங்க வேல செய்யிறேன்னு ஒலகத்துக்கே தெரியட்டும். நாளைக்கி எனக்கு ஒண்ணுன்னா, பரிமளம் எங்கன்னு கேக்க ஆளு வேணும்!"

"இப்ப சமாதானம்னு சொல்றாங்க. நாளைக்கும் இருக்குமாடி?"

"இல்லாமப் போனாத்தாம்மா இந்தப் போட்டோ வேணும்!"

வேலம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கூடத்தை விட்டு வெளியேறினார்.

தாய்மார்களே, யார் பக்கம் நீதி? பிள்ளையின் முகத்தை மறைத்துக் காக்க நினைத்த தாயின் பக்கமா? முகத்தைக் காட்டிக் காத்துக்கொள்ள நினைத்த மகளின் பக்கமா? என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஹாஜியாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. "ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக் கேளுங்க. நான் அந்தப் பக்கமே வரமாட்டன். அவங்கவங்க சொன்ன மாதிரி செய்ங்க" என்றார். பக்கம் ஒழுங்கில்லாமல் போய்விடும் என்று ஜெயரட்ணம் தயங்கியபோது, "ஒழுங்கில்லாட்டிப் பரவாயில்ல தம்பி. மனுசன் பயமில்லாம தூங்கோணும்" என்றாரே, அந்தச் சொல்லுக்கு இந்த அவை ஒரு முறை கை தட்டலாம்!

நன்றி.

கேட்டோம். சிலர் முகத்தை எடுத்துவிட்டுப் பெயரை வைக்கச் சொன்னார்கள். சிலர் பெயரை எடுத்துவிட்டு முகத்தை வைக்கச் சொன்னார்கள். சிலர், கை மட்டும் போதும் என்றார்கள். ஏலக்காய் அள்ளிய கைகள், கறுவாப் பட்டை சீவும் கைகள், அவையும் வந்தன. பரிமளம் மட்டும் தன் முடிவிலே தளரவில்லை. முகம், பெயர், ஊர், மூன்றும் வேண்டும் என்றாள். அவள் முகம் அவளுடையது. மறுக்க நாங்கள் யார்? ஆனால் வீட்டிலே தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டபோது என் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு ஒரு காலை. ஜெயரட்ணமும் நானும் அலுவலகத்திலே இருக்கிறோம். வேலம்மா வருகிறார். திருவிழாவுக்குக் கட்டும் அரக்குச் சேலை. படிய வாரிய தலை. நெற்றி நிறையத் திருநீறு. நேரே வந்து கதிரையிலே நிமிர்ந்து அமர்ந்தார். "படத்த எடுங்க" என்றார்.

ஜெயரட்ணம் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மா, பிள்ளை சம்மதிக்கேல்லையே. அவவைக் கேட்காமல் எப்பிடி எடுக்கிறது?" என்றார்.

"அட, அவ படத்த இல்லீங்க தம்பி. எம் படத்த எடுங்க. அந்தக் கமராவத் தூக்குங்க. எடுத்து, அவளுக்குப் பக்கத்துல போடுங்க. வேலம்மா, மாத்தளைன்னு பெருசாப் போடுங்க. எவனாச்சும் அவளத் தேடி வந்தா, மொதல்ல என்னயத் தாண்டிப் போகட்டும்!"

அன்பர்களே! நான் அழுதேன். ஜெயரட்ணம் கமராவைத் தூக்கினார். வாசலிலே நின்ற பரிமளம் ஓடிவந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பயம் போய்விட்டதா அந்தத் தாய்க்கு? போகவில்லை. போகவில்லை என்று அவரே சொன்னார். பயத்தோடு வந்து, பயத்தோடு அமர்ந்து, பயத்தோடே மகளுக்குப் பக்கத்திலே நின்றாரே, அதற்கு என்ன பெயர்? வீரம் என்பதற்கு வேறு முகம் வேண்டுமா? இதோ இருக்கிறது அந்த முகம், எங்கள் இணையத்தளத்திலே!

ஆகவே உங்களிடம் மன்றாடுகிறேன். இன்று திரையிலே காட்டப்போகிறோம். நல்லா இருக்கு என்று சொல்லி என்னை ஏமாற்றாதீர்கள்! குறை கண்டால் கூவுங்கள். பிடிக்காவிட்டால் பேசுங்கள். பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். வாயடைத்து வாழ்ந்த காலம் போதும். இந்த மண்டபத்திலாவது, இந்தக் காலையிலாவது, மனம் திறந்து பேசுவோம்!

என்ன யாகூப், கை தூக்குகிறீர்கள்? யானையா? யானை போய்விட்டது! பக்கமும் இப்போது பட்டென்று திறக்கும். உங்கள் ஹயர் போகட்டும், ஒரு வெற்றிலை போடக்கூட நேரம் கிடைக்காது!

இறுதியாக ஒரு செய்தி. வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு முதல் கருத்து இன்று காலைதான் வந்து சேர்ந்தது. திறக்குமுன்பே பார்க்கும்படி பரிமளம் கட்டாரிலுள்ள அண்ணனுக்குத் தளத்தின் முகவரியை அனுப்பியிருக்கிறாள். அழகுமுத்து எழுதியிருக்கிறார். அவர் எழுதியபடியே வாசிக்கிறேன்: "தங்கச்சி, பாத்தேன். எல்லாம் நல்லா இருக்கு. ஆனா அம்மா சிரிக்கல. வேற படம் எடுக்கச் சொல்லு."

அந்தக் கருத்தைக் கம்பனி ஏற்றுக்கொள்கிறது! தலைவர் ஐயாவுக்கும், ஹாஜியாருக்கும், இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நெஞ்சம் நெகிழ்ந்த நன்றி. ஜெயரட்ணம், கமராவை எடுங்கோ. வேலம்மா, எழும்பி மேடைக்கு வாங்கோ. அவையோரே, அவரைச் சிரிக்கவைப்பது இனி உங்கள் பொறுப்பு. வணக்கம்!